நான் இறங்கிப் பார்க்காத வீடு

அந்த வீட்டை முதலில் பார்த்தது நான்தான். யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள், எனக்குத்தான் ஆறவில்லை. பார்த்தது என்றால் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. காருக்குள் உட்கார்ந்து, கதவுகளைப் பூட்டிக்கொண்டு, கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரின் தென்பக்கம், மனுரேவாவில் ஒரு முட்டுத் தெருவின் கடைசியில் இருந்தது. பலகைச் சுவர், சிவப்பு ஓடு, முன்னால் காய்த்துக் கிடந்த எலுமிச்சை மரம். விற்பனை ஏஜென்ட் நட்டு வைத்த கொடி காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. என் கணவர் இறங்கிப் போய், வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். நான் இறங்கவில்லை.

பக்கத்து வீட்டு முன்புறத்தில் ஒரு பழைய சோபாவைப் போட்டு நாலைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் எங்கள் ஃப்ரிட்ஜ் உயரம், எங்கள் ஃப்ரிட்ஜ் அகலம். காலடியில் ஒரு நாய். பாட்டு சத்தமாக ஓடியது. அவர்களில் ஒருவன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். பசிபிக் தீவுக்காரர்கள் இங்கே அப்படித்தான் வணக்கம் சொல்வார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. கண்ணாடியை இன்னும் மேலே ஏற்றப் பார்த்தேன். அது ஏற்கெனவே மேலேதான் இருந்தது. என் கணவர் திரும்பி வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் "போலாம்" என்றேன். வண்டியை எடுத்துவிட்டார்.

அப்போது நாங்கள் த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நாங்கள் என்றால் இரண்டு ஜோடி. நானும் என் கணவரும் ஓர் அறையில், என் தோழியும் அவள் கணவரும் இன்னோர் அறையில். ஒரே அடுப்பு, ஒரே வாஷிங் மெஷின். அவள் மதுரைக்காரி, நான் திருச்சி. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்கு ஆல்பனியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது. சின்ன வயதிலிருந்தே சும்மா செய்துகொண்டிருந்ததற்கு இங்கே சம்பளம் கொடுக்கிறார்களே என்று என் கணவர் கேலி செய்வார்.

சனிக்கிழமைகளில் நாலு பேரும் ஒரே காரில் வீடு பார்க்கக் கிளம்புவோம். ஓப்பன் ஹோம் என்று அரை மணி நேரம் கதவைத் திறந்து வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் போய் அடுத்தவர் படுக்கையறையையும் கழிப்பறையையும் பார்த்துவிட்டு வரலாம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு யூனிட்டாக வாங்க வேண்டும், நடுவில் வேலி வைக்கக்கூடாது என்பது எங்கள் பேச்சு. பேச்சு என்ன, சத்தியம் மாதிரிதான். குறைந்தபட்சம் எனக்கு.

மனுரேவா வீட்டைப் பார்க்கப் போன அன்றைக்கு அவளுக்கு டியூட்டி. சாயங்காலம் அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது நான் அந்தச் சோபாவையும் நாயையும் நடித்துக் காட்டினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டபடி கேட்டாள்.

"ஆமா, என்ன வெலைடி சொல்றாங்க?"

சொன்னேன். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. மறுவாரம் அவளும் அவள் கணவரும் எங்களிடம் சொல்லாமல் போய்ப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த மாதம் வாங்கிவிட்டார்கள். "என் ஆஸ்பத்திரிக்குப் பக்கம்டி" என்றாள். சாமான்களை ஏற்றும்போது என் இட்லிக் குண்டானையும் தவறுதலாக ஏற்றிக்கொண்டு போனாள். நான் அதைக் கேட்டு வாங்கவில்லை. ஒரு நாள் சண்டை போடுவதற்கு ஒரு காரணம் கையில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் தமிழ் ஆட்களிடம் ஆக்லாந்துக்கு ஒரு வரைபடம் உண்டு. யாரும் வரைந்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். பிறந்தநாள் விழா, கோயில் சாப்பாட்டு வரிசை, பாட்டு வகுப்பு வாசல், எங்கே நாலு பேர் கூடினாலும் அந்தப் படம் விரியும். இந்தப் பக்கம் நல்ல ஏரியா, அந்தப் பக்கம் நல்ல ஸோன், தெற்கே போனால் அவ்வளவுதான். ஆட்டுக்கறிக்கும் புடவைக்கும் மாம்பழப் பெட்டிக்கும் தெற்கே போவார்கள். வாங்கி டிக்கியில் வைத்ததும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். அங்கே யார் வீட்டிலாவது ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்கிறீர்களா என்று கேட்டால் ஒருவரும் குடித்திருக்க மாட்டார்கள். நானும்தான்.

அவள் அங்கே வாங்கினதும் கூட்டத்தில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். "பாவம், அவசரப்பட்டுட்டாங்க" என்றார்கள். நான் எல்லோரையும்விடச் சத்தமாக உச்சுக்கொட்டினேன்.

நாங்கள் மவுண்ட் ஆல்பர்ட்டில் வாங்கினோம். நல்ல பள்ளிக்கூடத்தின் ஸோன். ஸோன் என்றால் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் வீடு இருந்தால் உங்கள் பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் இடம், எதிர்ச்சாரியில் இருந்தால் கிடையாது. அந்தக் கோட்டுக்காகத்தான் விலை. வீட்டை ஏலத்தில் விட்டார்கள். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த சீனப் பெண் வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள், கணவனின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் கை இறங்கிய பிறகும் என் கை மேலேயே இருந்தது. சுத்தியல் விழுந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நான் எதையோ ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வாங்கியது ஒரு பழைய பெரிய வில்லாவின் பின்கட்டில் கட்டிய செங்கல் யூனிட். இரண்டு படுக்கையறை. இந்த ஊரில் வெயில் வடக்கிலிருந்து வரும். எங்கள் வடக்கில் புதிதாக ஒரு மாடி வீடு நிற்கிறது. அதனால் குளிர்காலத்தில் ஜன்னலைத் துடைப்பது என் காலை வேலை, பூஞ்சையைச் சுரண்டுவது ஞாயிற்றுக்கிழமை வேலை. முன் வில்லாக்காரர் மிகவும் மரியாதையானவர். மிகவும் மரியாதையாக ஒரு நாள், மசாலா வறுக்கும்போது சமையலறை ஜன்னலை மூடிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவரோடு வானிலை மட்டும்தான் பேச்சு.

எங்கள் காரின் கண்ணாடியை ஒரு நாள் பட்டப்பகலில் உடைத்து உள்ளே இருந்த லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தெருவில் யாரும் ஒன்றும் பார்க்கவில்லை. நான் வெளியே மூச்சு விடவில்லை. எங்கள் கூட்டத்துக்குத் தெரிந்தால் வரைபடத்தில் என் தெருவைத் திருத்தி எழுதிவிடுவார்கள் என்று பயம். அவளோ தன் கராஜிலிருந்து புல் வெட்டும் மெஷினைத் தூக்கிப் போனதையும், தெருமுனை டெய்ரியின் ஷட்டரைக் காரை மோதி உடைத்துச் சிகரெட் பெட்டிகளை அள்ளியதையும் ஏதோ சினிமாக் கதை மாதிரி எல்லோரிடமும் சொல்லுவாள். பால், ரொட்டி வாங்க அவள் தினமும் போகிற கடை அது. மறுநாள் அந்தத் தெரு ஆட்கள் எல்லாம் போய்க் கண்ணாடிச் சில்லைப் பெருக்கிக் கொடுத்தார்களாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை. நான் "ஐயையோ, அப்படியா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே சின்னதாக ஒரு சந்தோஷம், மெஷின் போனதற்கு. பெருக்கியதைச் சொன்னதும் அதுவும் போயிற்று.

இத்தனையும் நான் தாங்கிக்கொண்டேன். அவள் வீட்டில் மூன்று படுக்கையறை, பின்னால் கிரிக்கெட் ஆடுகிற அளவுக்குப் புல்வெளி, கொல்லையில் கறிவேப்பிலைச் செடி தோள் உயரம். போகட்டும். வீட்டு விலைகள் ஏறியபோது இரண்டு பேர் வீடும் ஏறியது, இறங்கியபோது என் வீடுதான் அதிகம் இறங்கியது. அதுவும் போகட்டும். வட்டி ஏறியதும் இரண்டாவது படுக்கையறையைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த ஒரு பெண்ணுக்கு வாடகைக்கு விட்டோம். சொந்த வீட்டில் குளியலறைக்கு வரிசையில் நின்றேன். எதிலும் எனக்கு வராத எரிச்சல் ஒரே ஒரு விஷயத்தில் வந்தது.

எங்கள் திட்டம் இது: முதலில் நல்ல ஸோனில் வீடு, அப்புறம் பிள்ளை. பிள்ளை பிறந்து அலைபாயக்கூடாது, பிறக்கும்போதே இடம் தயாராக இருக்க வேண்டும். ஆபீசில் நான் போடும் திட்டங்களைப் போலவே ஓட்டை இல்லாத திட்டம். வீடு வந்துவிட்டது. வீட்டுக் கடனுக்கு இரண்டு சம்பளமும் வேண்டியிருந்தது. ஒரு சம்பளம் நின்றால் வீடு போய்விடும், வீடு போனால் ஸோன் போய்விடும், ஸோன் போனால் பிள்ளைக்கு என்ன செய்வது? அதனால் அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று தள்ளினோம். திருச்சியிலிருந்து அம்மா போனில் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்பதை நிறுத்தியபோது எனக்கு முப்பத்தெட்டு. அதற்கப்புறம் தள்ளுவதை நிறுத்தினோம். நிறுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை. டாக்டர் கனிவாகப் பேசினார்.

அந்த நேரத்தில்தான் அவளுடைய போன் வந்தது. ஆல்பனியில் ஆபீஸ் கார் நிறுத்துமிடத்தில் இருந்தேன்.

"ஏய், நான் முழுகாம இருக்கேன்டி. உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன்."

"சூப்பர்டி! எப்போ? டாக்டரைப் பார்த்தியா?" என்று என்னென்னவோ கேட்டேன். குரல் நன்றாகவே வந்தது. போனை வைத்த பிறகு காரைக் கிளப்பத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பற்றி எரிந்தது. அவளும் நானும் ஒரே வருஷம் வந்தவர்கள், ஒரே வயது. அவள் எந்தத் திட்டமும் போடவில்லை. நான் வேண்டாம் என்று விட்ட வீட்டை மலிவாக வாங்கினாள், கடன் சின்னதாக இருந்தது, வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள், நன்றாகத் தூங்கினாள், பிள்ளை வந்துவிட்டது. என்னைவிட அவள் எதில் கெட்டிக்காரி? ஒன்றிலும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைக்க வேண்டும். அவள் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன், வர முடியவில்லை. நான் முந்திக்கொண்டேன்.

"எங்க வீட்ல வச்சுக்கலாம்டி. எல்லாருக்கும் பக்கம். சாயந்திரம் திரும்பிப் போறதுக்கும் பயமில்ல."

"உங்க வீட்ல எங்கடி எடம்? அந்தப் பொண்ணு வேற ரூம்ல இருக்கா" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள். குத்தலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பெரிய பாத்திரம் நிறையப் புளியோதரை கிளறி எடுத்துக்கொண்டு கிளம்பினோம். த்ரீ கிங்ஸில் எங்கள் பழைய வாடகை வீட்டுக்கு எதிரே இருக்கும் யாழ்ப்பாணத்து அக்காவையும் ஏற்றிக்கொண்டோம். மோட்டார்வேயை விட்டு இறங்கியதும் நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன்.

"பகல்லன்னா பரவால்லக்கா. இருட்டறதுக்குள்ள கெளம்பிடணும். இந்த ஏரியா எப்படின்னு உங்களுக்குத் தெரியாது."

அக்கா மடியில் வைத்திருந்த பலகாரப் பெட்டியைச் சரி செய்துகொண்டார்.

"எனக்குத் தெரியாதோ? நாங்கள் வந்த புதுசில ஆறு வருஷம் இஞ்சதான் இருந்தனாங்கள், பிள்ளை. அந்தா, அந்தச் சந்தியால திரும்பினா ரெண்டாவது வீடு. என்ர மூத்தவன் இஞ்சத்த பள்ளிக்கூடத்திலதான் படிச்சவன்."

அவருடைய மூத்தவன் எலும்பு டாக்டர். எங்கள் கூட்டத்தில் அவனைத் தெரியாதவர் கிடையாது. "நீங்க ஒரு தடவகூடச் சொன்னதில்லயேக்கா" என்றேன்.

"ஓம், ஆர் கேட்டது? எல்லாரும் அந்த இடத்தைப் பற்றிக் கதைக்கிறியள். இருந்த ஆளிட்ட ஒருத்தரும் கேக்கேல்லையே."

என் கணவர் முன்கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வாசலில் நான்தான் முதலில் ஷூவைக் கழற்றினேன். அவள் வாங்கி எத்தனையோ காலமாகிறது. அவள் எங்கள் வீட்டுக்கு வருவாள், நாங்கள் வெளியே சந்திப்போம், ஏதாவது சாக்குச் சொல்லி அந்த வீட்டுக்குள் கால் வைக்காமலேயே ஓட்டிவிட்டேன். கிரகப்பிரவேசத்தன்று எனக்குக் காய்ச்சல், உண்மையாகவே. மற்ற நாட்களின் காய்ச்சல்களைப் பற்றிக் கேட்காதீர்கள்.

கூடம் நிறையப் பெண்கள். எங்கள் ஆட்கள் பாதி, அவள் தெரு ஆட்கள் பாதி. தமிழ் பேசுகிற ஃபிஜிக்காரம்மா ஒருவர் சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தார். மனைப்பலகை இல்லாததால் அவளைத் தரையில் ஒரு பெரிய பாயில் உட்கார வைத்திருந்தார்கள். அப்படி ஒரு பாயை நான் பார்த்ததில்லை. ஓரமெல்லாம் வண்ண நூல் வைத்துப் பின்னி, கூடத்தின் பாதியை அடைத்திருந்தது. பக்கத்து வீட்டில் இருக்கும் டோங்காத் தீவுக்காரியின் பாயாம். அவர்கள் வீட்டில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் விரிப்பதாம். அந்தப் பழைய சோபாவில் உட்கார்ந்திருந்தவர்கள் அவளுடைய தம்பிகள். அவர்களும் கராஜில் என் கணவரோடும் மற்ற ஆண்களோடும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த டோங்காக்காரியை நான் சரியாகப் பார்த்துவிட்டேன். பார்க்காமல் விடுவேனா? என்னைவிட இரண்டு வயது சின்னவள், ஐந்து பிள்ளைகள். தலையில் பூ. தேங்காய்ப்பாலில் தர்பூசணி போட்ட பானத்தை வாளி நிறையக் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் தோழியின் சமையலறையில் எந்த டப்பாவில் சர்க்கரை இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் திறந்த அலமாரியில் என் இட்லிக் குண்டான் இருந்தது. அதில் உருளைக்கிழங்கு போட்டு வைத்திருந்தார்கள்.

முதல் வளையல் யார் போடுவது என்று பேச்சு வந்தது. அம்மா இல்லாத இடத்தில் நான் என்றுதான் நினைத்து வந்திருந்தேன். வரும் வழியெல்லாம் அதை நினைத்துப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். ஃபிஜிக்காரம்மா சொன்னார்: "புள்ள குட்டி உள்ள கை மொதல்ல போடணும்." கூடத்தில் எல்லோரும் என் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஒரே சமயத்தில் வேறு வேறு பக்கம் திரும்பினார்கள். என் தோழி கையை நீட்டி, பாயின் சொந்தக்காரியைக் கூப்பிட்டாள். அவள் பூவைச் சரி செய்துகொண்டு முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கண்ணாடி வளையலாக, உடையாமல், மெதுவாக ஏற்றினாள். பிள்ளைகளுக்குச் சட்டை போட்டுப் பழகிய கை. என் தோழியின் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் நலங்கு மஞ்சளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

எல்லோரும் போட்டு முடித்தார்கள். என் முறையில் நானும் போட்டேன். அப்புறம் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீ இங்க உக்காருடி, என் பக்கத்துல."

எதற்கென்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பக்கம் வழக்கம்தான். வளைகாப்புப் பெண்ணின் பக்கத்தில் பிள்ளை இல்லாதவளை உட்கார வைத்து அவளுக்கும் வளையல் போடுவார்கள், அடுத்தது அவளுக்காகட்டும் என்று. நல்ல மனதோடுதான் செய்வார்கள். அந்த நல்ல மனதைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. நாலு பேர் முன்னால் எழுந்து போக முடியாது. உட்கார்ந்தேன். அவள் என் கையில் ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள்.

டோங்காக்காரி எங்கள் எதிரே உட்கார்ந்து ஆர்வமாகப் பார்த்தாள். "உனக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்விதான் அது அவளுக்கு.

"இன்னும் இல்லை" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. அவளுக்கு ஏதாவது ஒன்றில் நான் மேல் என்று காட்ட வேண்டியிருந்தது. "நாங்கள் முதலில் மவுண்ட் ஆல்பர்ட்டில் வீடு வாங்கினோம். பிள்ளைக்கு நல்ல ஸோன் வேண்டுமே."

"எந்தப் பிள்ளைக்கு?" என்றாள்.

"பிறக்கப்போகிற பிள்ளைக்கு."

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. நான் ஒரு நல்ல நகைச்சுவை சொன்னேன் என்று நினைத்துச் சிரித்தாள். "முதலில் பள்ளிக்கூடத்தைப் பிடித்துவிட்டாய், இனி பையனைப் பிடிக்க வேண்டும்!" என்று என் முழங்காலில் தட்டினாள். கூடம் முழுக்கச் சிரித்தது. எங்கள் ஆட்களும் சிரித்தார்கள், அதே திட்டம் போட்டவர்கள், அதே ஸோனில் எனக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவர்கள். யாழ்ப்பாணத்து அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நானும் பல்லைக் காட்டினேன். என் கையில் வளையல்கள் நடுங்கிச் சத்தம் போட்டன. என் தோழி அதைப் பார்த்துவிட்டு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், சத்தம் நின்றது.

கை கழுவப் போகிறேன் என்று எழுந்து போனேன். கழுவவில்லை. நான் இறங்கிப் பார்க்காத வீட்டை அன்றைக்குத்தான் சுற்றிப் பார்த்தேன். ஒவ்வோர் அறையாகக் கதவைத் தள்ளித் தப்புத் தேடினேன். கூரை மூலையில் ஒரு பழைய நீர்க்கறை, குளியலறைக் கதவு சரியாக மூடவில்லை, சமையலறைத் தரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கண்டுபிடித்ததெல்லாம் அவ்வளவுதான். சுவரில் எங்கேயும் பூஞ்சை இல்லை. பின்பக்கம் ஒரு சின்ன அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மடித்த துணிகளும் பிரிக்காத பெட்டிகளும் இருந்தன. நான் உள்ளே போகவில்லை.

இருட்டுவதற்கு முன் கிளம்பவில்லை. அக்கா டோங்காக்காரியிடம் தான் அந்தக் காலத்தில் இருந்த தெருவில் யார் யார் இன்னும் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே நின்றார். அவரை அவர் வீட்டில் இறக்கிவிட்ட பிறகு காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நான் வாயை அடக்கவில்லை. அவளுக்கு என்னைவிட அந்தப் பாய்க்காரி முக்கியமாகிவிட்டாள் என்றேன். என்னை நாலு பேர் முன்னால் உட்கார வைத்தாள் என்றேன். அந்த வீடு ஒன்றும் பெரிய வீடில்லை, தரையே கோணல் என்றேன்.

"கோணல்தான்" என்றார் என் கணவர். "அன்னைக்கே பார்த்தேன்."

"வேற என்ன பார்த்தீங்க?"

அவர் சிக்னலில் நிறுத்தினார். பச்சை விழுந்த பிறகும் கொஞ்சம் நின்றார். பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்ததும்தான் எடுத்தார்.

"பின்பக்கம் ஒரு சின்ன ரூம் இருக்கு. காலைல வெயில் நேரா உள்ள வருது. அதுல தொட்டில் போடலாம்னு நெனச்சேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லயே."

"நீ போலாம்னு சொன்ன. சரின்னு வந்துட்டேன்."

குற்றம் சொல்லும் குரல் இல்லை. இத்தனை வருஷம் அவளைப் பார்த்து நான் எரிந்துகொண்டிருந்தபோது, அந்த மனிதர் ஓர் அறையைப் பார்த்து வைத்திருக்கிறார். அதையும் அவள்தான் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும்வரை நான் வளையல்களைக் கழற்றிக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு உடைந்தன.

அந்த மாதமே வாடகைக்கு இருந்த பெண்ணை வேறு இடம் பார்க்கச் சொன்னேன். நல்ல பெண், காரணம் கேட்டாள். அறை வேண்டும் என்றேன். கடனுக்கு என்ன செய்வது என்று என் கணவர் கேட்கவில்லை. அவர் சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தார். டாக்டரிடம் மறுபடி போனோம். ஊசி, மாத்திரை, ரத்தப் பரிசோதனை எல்லாம் நடந்தது, நடக்கிறது. அந்த அறையில் இப்போதைக்கு ஒன்றும் வைக்கவில்லை.

என் தோழிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனோம். இந்தத் தடவை சாக்கு எதுவும் சொல்லவில்லை. தெருவில் அந்தத் தம்பிகளில் ஒருவன் புருவத்தை உயர்த்தினான், நானும் உயர்த்தினேன். சமையலறையில் டோங்காக்காரி குழம்பு மூடியைத் திறந்து மணம் பார்த்துக்கொண்டிருந்தாள். என் தோழி பத்தியச் சாப்பாட்டின் நடுவில் இருந்தாள், கை எச்சிலாக இருந்தது. "பின்னால ரூம்ல தூங்குறா, போய்த் தூக்கிக்கோடி" என்றாள்.

வெயில் என் கணவர் சொன்ன மாதிரியே நேராக உள்ளே வந்திருந்தது. தொட்டிலை ஜன்னலை விட்டுச் சற்றுத் தள்ளிப் போட்டிருந்தார்கள். குழந்தை விழித்துத்தான் இருந்தது. தூக்கினேன். சூடாக இருந்தது, நான் நினைத்ததைவிடக் கனம் குறைவு. தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றேன். என் கணவர் வாசல்படி வரை வந்தார். உள்ளே வராமல், தொட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிக் கூடத்துக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் குழந்தை சிணுங்கத் தொடங்கியது. நான் ஆட்டினேன். அது அழுதது. இன்னும் ஆட்டினேன்.

என் தோழி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "பசிக்குது அவளுக்கு, குடுடி" என்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"இரு" என்றேன்.

அவள் கையை நீட்டியபடியே நின்றாள். குழந்தை வீறிட்டு அழுதது. அவளுடைய சட்டையில் பால் நனைந்து பரவுவது எனக்குத் தெரிந்தது. அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், மெதுவாக, நோயாளிகளைக் கூப்பிடுகிற மாதிரி.

"இன்னும் கொஞ்ச நேரம்டி" என்றேன்.